தட்டிப் பார்க்கிறவர் மகள்

கொளஞ்சிநாதன் யாரையும் லேசில் நம்பமாட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் சம்பளமே அதற்குத்தான். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், கரண்டு கம்பத்துக்குப் போகும் சாமான்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அவனுக்குச் செக்கிங் வேலை. சூளையில் வெந்து இறங்குகிற ஒவ்வொன்றையும் எடுத்து மரக்குச்சியால் ஒரு தட்டு தட்டி, காதருகே வைத்துக் கேட்பான். 'டிங்'கென்று மணி மாதிரி பேசினால் நல்ல சரக்கு. 'டொக்'கென்றால் உள்ளே எங்கேயோ விரிசல். வெளியே பார்க்கப் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கும்தான். அதற்கெல்லாம் மயங்குகிற ஆள் அவனில்லை. சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து உடைசல் குவியலில் விட்டெறிந்துவிடுவான்.

இந்தப் புத்தி கம்பெனி கேட்டோடு நின்றால் பரவாயில்லையே! தேங்காயைத் தட்டி வாங்குவது ஊர் வழக்கம். இவன் டீக்கடை கிளாசைத் தட்டுவான். மறுவீட்டு விருந்தில் மாமனார் வைத்த எவர்சில்வர் தட்டைத் தட்டிக் காதில் வைத்தான். "மாப்ள, அது பாத்திரக்கடை தட்டு, சூளைத் தட்டு இல்ல, சாப்புடுங்க" என்று அந்த மனிதர் சொல்லும்படி ஆயிற்று.

அவன் மகள் கயல்விழிக்கு நாலரை வயது. அவளும் அப்படியே. கையில் எது கிடைத்தாலும் ஒரு தட்டு தட்டி, காதில் அமுக்கி வைத்துக்கொண்டு கேட்பாள். டம்ளர், டப்பா, கதவு, அம்மாவின் செல்போன், பக்கத்து வீட்டுப் பூனையின் வயிறு என்று எதையும் விட்டுவைப்பதில்லை. வீட்டில் எல்லாருக்கும் பெருமை தாங்கவில்லை. "புலிக்குப் பொறந்தது பூனையாவுமா? அப்பனுக்கு மேல பெரிய செக்கிங்கா வருவா பாரு" என்று அவன் மனைவி பூங்கோதை சிரிப்பாள். சொந்தக்காரர்கள் வந்தால் ஆளுக்கொரு டம்ளரை நீட்டி, "எங்க, இத பாத்துச் சொல்லு" என்பார்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் அழகைப் பார்க்க வேண்டுமே! கொளஞ்சிநாதன் மீசைக்குள்ளேயே சிரித்துக்கொள்வான்.

பிள்ளையிடம் குறை என்று சொன்னால் ஒன்றுதான். ஒரு சொல்லுக்கு அசையாது. கூப்பிட்டால் ஊரெல்லாம் சுற்றிப் பார்க்கும், கூப்பிட்ட ஆளைத் தவிர. பஸ் ஸ்டாண்டில் வேப்பூர் பஸ்காரன் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கியும் அது பாட்டுக்கு நடுரோட்டில் நின்றது. அவன் ஓடிப்போய் இழுத்து முதுகில் ஒன்று வைத்து, "காது என்னா செவிடா?" என்று கத்தினான். எந்த அப்பன்தான் அப்படிக் கத்தமாட்டான்? திமிர், அப்பன் திமிர் அப்படியே வந்திருக்கிறது என்று அதையும் பெருமைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

போன வருஷம் டவுனில் ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலுக்கு இன்டர்வியூவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த மேடம் மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். கயல்விழி ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். பிள்ளை எதிர்ப்பக்கம் திரும்பி, கதவோரம் நின்ற பியூனைப் பார்த்துச் சிரித்தாள். "பாப்பா கொஞ்சம் ஸ்லோ. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று மேடம் ஃபைலை மூடிவிட்டார். அவ்வளவுதான். தன் பிள்ளை முதுகில் யாரோ சிவப்புக் கோடு இழுத்துவிட்ட மாதிரி அவனுக்கு இருந்தது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ரெஜினா டீச்சரின் பள்ளி. மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு நீளமான ஹால், அவ்வளவுதான். பூங்கோதையே போய்ச் சேர்த்துவிட்டு வந்தாள். இன்டர்வியூ கிடையாது என்றதும் இவனுக்கு முதல் சந்தேகம் வந்தது. இன்டர்வியூ இல்லாத ஸ்கூல் என்ன ஸ்கூல்? சிலேட்டு கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. பிள்ளைகள் மண் பிசைகின்றன, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுகின்றன, புளியங்கொட்டையைத் தராசில் வைத்து நிறுக்கின்றன. முதல் நாள் கயல்விழி காதுவரைக்கும் வெள்ளை மண்ணோடு வந்து நின்றாள்.

"மண்ணு பெசையத்தான்னா நம்ம கம்பெனிலயே வுட்டிருக்கலாமேடி, கூலியாவது குடுப்பான்" என்றான்.

"அவ சிரிச்சிக்கிட்டு வராளே, அது கண்ணுல படலயா உங்களுக்கு?" என்றாள் பூங்கோதை.

பட்டது. அதுதான் அவன் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. ஆனால் போட்டோ விவகாரம் ஒன்று அவனை விடவில்லை. டீச்சர் கையில் எந்நேரமும் செல்போன். பிள்ளை தண்ணீர் ஊற்றினால் ஒரு போட்டோ, மண்ணை உருட்டினால் ஒரு போட்டோ. அது என்ன உளறினாலும் ஒரு எழுத்து விடாமல் எழுதி, போட்டோவுக்குக் கீழே ஒட்டிச் சுவரில் மாட்டிவிடுகிறார். கம்பெனியில் சூளை பார்க்கிற ராஜமாணிக்கத்திடம் இதைச் சொன்னான்.

ராஜமாணிக்கம் பீடியைக் காலில் போட்டுத் தேய்த்தார். "சோழியன் குடுமி சும்மா ஆடுமா கொளஞ்சி? நம்ம புள்ளைய நம்மளே இத்தினி போட்டோ எடுக்கல. அந்தம்மாவுக்கு என்னா வந்துச்சு?"

"அதான்ணே எனக்கும் ரோசனையா இருக்குது."

"ரோசன பண்ணாத, உசாரா இரு."

அவர் சொல்லாவிட்டால் மட்டும் இவன் தூங்கிவிடப் போகிறானா?

நடுவில் ஒரு நாள், பெற்றோர்கள் அவரவர் வேலை செய்கிற இடத்திலிருந்து பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது கொண்டுவந்து கொடுங்கள் என்று டீச்சர் கேட்டார். டெய்லர் துணித்துண்டு கொடுத்தார். காய்கறிக் கடைக்காரர் சாக்கும் சணலும் கொடுத்தார். கொளஞ்சிநாதன் மேனேஜரிடம் கேட்டு, கை கிழிக்காத உருண்டைச் சாமான்களாகப் பார்த்து ஒரு பை நிறைய எடுத்துப் போனான். டீச்சர் கேட்டபடியே பாதி நல்லது, பாதி சிவப்புக் கோடு போட்டது.

"ரிஜெக்ட் மாலெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் பையையே கொடுத்தான்.

"நீங்க எதுக்குத் தட்டறீங்களோ அதுக்குத்தான்" என்றார் டீச்சர், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தட்டிப் பார்த்தான். அதில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்றே பட்டது.

அதற்குப் பின் வாட்ஸாப்பில் கயல்விழியின் போட்டோக்கள் வரத் தொடங்கின. பீங்கானைக் காதில் வைத்திருக்கிறாள், சங்கைக் காதில் வைத்திருக்கிறாள், மண் பானையைக் காதில் வைத்திருக்கிறாள். முதலில் கம்பெனி முழுக்கக் காட்டித் திரிந்தான். பிறகுதான் ஒன்று உறைத்தது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றோ இரண்டோ வந்தால் இவளுக்கு வாரம் முழுக்க வருகிறது. ஏன்? இவள் மட்டும் என்ன உசத்தி? உசத்தி என்று யாரும் இவ்வளவு பாடுபடமாட்டார்களே. குறை கண்டுபிடிக்கிறவன்தான் ஒரே சாமானைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பான். அது அவனுக்குத் தெரியாதா?

புதன்கிழமை பிள்ளையைக் கூட்டிவரப் போனவன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். கயல்விழி மண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் முதுகுப்பக்கம் சத்தமில்லாமல் வந்து நின்று, கிண்ணத்தில் ஒரு கரண்டியைத் தட்டினார். கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி தட்டினார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டார். பிள்ளைக்குத் தெரியாமல்! கொளஞ்சிநாதனுக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. உள்ளே போய்க் கேட்டிருப்பான். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் நின்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"நம்ம புள்ளைய டெஸ்ட்டு பண்றாங்கடி. வெளிய தள்ளறதுக்கு ஆதாரம் சேக்கறாங்க."

"நீங்க ஒண்ணு. ஏதோ வெளையாட்டு காட்டியிருப்பாங்க."

"வெளையாட்டுன்னா மொகத்துக்கு நேரா காட்டணும். முதுகுக்குப் பின்னால என்னா வெளையாட்டு?"

மறுநாளே செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மற்றப் பிள்ளைகள் போனதும் கயல் அப்பாவும் அம்மாவும் கொஞ்சம் வந்து போக முடியுமா என்று. கொளஞ்சிநாதன் செல்போனைப் பூங்கோதை முகத்துக்கு நேரே நீட்டினான். "பாத்தியா? பூனக்குட்டி வெளிய வந்துடுச்சு. தனியா கூப்புடறாங்க. அந்த இங்கிலீஷ் ஸ்கூலுக்காரியும் தனியாத்தான் சொன்னா."

"என்னா சொல்றாங்கன்னு கேட்டுட்டுத்தான் பேசுவமே."

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அவங்க வாயால 'ஸ்லோ'ன்னு வரதுக்கு முன்னால நம்ம வாயால 'வேணாம்'னு சொல்லிடணும். இன்னொரு தடவ எம் பொண்ணு மேல கோடு போட வுடமாட்டேன்."

பூங்கோதைக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ அழுவாம போற ஒரே எடம் அதுங்க. அதையும் புடுங்காதீங்க" என்றாள். அவனுக்கும் அழுகைதான். அதைக் கோபமாக மாற்றி வைத்துக்கொள்ள அவன் பழகியிருந்தான்.

வெள்ளிக்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டு வந்தான். ஹாலில் மற்றப் பிள்ளைகள் யாரும் இல்லை. கயல்விழி மட்டும் ஒரு மூலையில் பலகைமேல் வெள்ளை மண்ணை அறைந்து அறைந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். பூங்கோதை போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொளஞ்சிநாதன் உட்காரவில்லை.

"டீச்சர், நானே சொல்லிடறன். திங்கக்கிழமையிலருந்து பாப்பா வராது."

ரெஜினா டீச்சர் அதிர்ச்சி அடைந்த மாதிரி தெரியவில்லை. அதுவும் அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

"சரிங்க கயல் அப்பா. அது உங்க இஷ்டம். போறதுக்கு முன்னால அந்தச் சுவத்த ஒரு தடவ பாத்துடுங்க. அப்பறம் பேசலாம்."

"சுவத்துல என்னா இருக்குது?"

"நீங்க செக்கிங்குதானே? நீங்களே பாருங்க."

சவால் விடுகிறாயா, பார்த்துவிடுகிறேன் என்று போனான். ஏதாவது ஒரு கோணல் கிடைத்தால் போதும், அதை வைத்தே கிழித்துத் தோரணம் கட்டிவிடலாம். பிரவீன்குமார் என்ற பையன் காய்ந்த மண்ணில் தண்ணீர் விடுகிற போட்டோ. கீழே அவன் சொன்னது: 'மண்ணுக்குத் தாகம். மொடக்கு மொடக்குன்னு குடிக்குது.' பூர்ணிமா செய்த ஆட்டோ ஒன்று. 'இதுக்கு சக்கரம் வேணாம், இது நிக்கற ஆட்டோ.' அவனையறியாமல் உதடு கோணியது. சிரிக்கக் கூடாது என்று நகர்ந்தான்.

அடுத்தது கயல்விழியின் வரிசை. சுவரின் பாதி நீளத்துக்கு அவள்தான். கம்பெனியில் சரக்கு நகர்ந்து வருகிற பெல்ட் முன்னால் நிற்பதுபோல அவன் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். பீங்கான், சங்கு, பானை, மேசை, வேப்பமரத்து அடி. எதையோ தேடி வந்தவன் கடைசிவரை போனான். நின்றான். திரும்ப முதலிலிருந்து வந்தான். ஏதோ ஒன்று இடித்தது. எது என்று தெரியவில்லை. நல்ல சாமானுக்கு நடுவே ஒரு 'டொக்' கேட்டுவிட்டு எதில் கேட்டது என்று தெரியாமல் தவிக்கிற மாதிரி இருந்தது.

மூன்றாம் தடவை ஒரு போட்டோவில் கண் நின்றது. கயல்விழியின் வலது கை முழுக்க ஈர மண். அதனால் பீங்கானை இடது கையில் பிடித்திருந்தாள். இடது காது கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அந்தக் கை முகத்தைக் குறுக்கே தாண்டி, சிரமப்பட்டு வளைந்து, வலது காதுக்குப் போயிருந்தது.

மற்றதையெல்லாம் பார்த்தான். வலது காது. வலது காது. மரத்தில் வைத்ததும் வலது காது. பூனை மாதிரி மேசையில் படுத்துக் கேட்டதும் வலது காது. கதை கேட்க வட்டமாக உட்கார்ந்திருக்கிற போட்டோக்களில் அவள் எப்போதும் இடப்பக்கம் சுவர் இருக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு பிள்ளைகூட இல்லை.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?" குரல் அவனுக்கே கரகரவென்று கேட்டது. "வேணும்னே ஒரே பக்கமா வச்சி எடுத்தீங்களா?"

"நான் பிள்ளைங்ககிட்ட இத இப்படி வை, அப்படி வைன்னு சொல்றதில்லைங்க. அதுங்க என்னா பண்ணுதுன்னு பாப்பேன், எடுப்பேன், சொன்னத எழுதுவேன். அவ்ளோதான்."

அவன் நம்பவில்லை. நம்ப முடியாது, நம்பினால் என்ன ஆகும்? கூடையில் அவன் கொடுத்த சாமான்கள் கிடந்தன. கோடு இல்லாததாக ஒன்றை எடுத்தான். பிள்ளைகள் தட்டுவதற்காகப் பக்கத்தில் வைத்திருந்த குச்சியையும் எடுத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் மகளுக்குப் பின்னால் இடப்பக்கமாகப் போய் நின்றான். புதன்கிழமை டீச்சர் நின்ற அதே மாதிரிதான் நிற்கிறோம் என்பது அப்போது தோன்றவில்லை. தட்டினான்.

டிங்!

கயல்விழி சட்டென்று தலையைத் தூக்கினாள். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. மறுபடி தட்டினான். பிள்ளை இன்னும் வலப்பக்கமாகச் சாய்ந்து மேசைக்கு அடியில் தேடினாள். "அம்மா, எங்கருந்தும்மா மணி அடிக்குது?" என்றாள்.

பூங்கோதை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது.

"கண்ணாமூச்சி மாதிரி ஒரு வெளையாட்டு, கயலு" என்று டீச்சர் வந்து உட்கார்ந்து, தன் உள்ளங்கையால் பிள்ளையின் வலது காதை மெதுவாக அமுக்கி மூடினார். கயல்விழி சிரித்துக்கொண்டே மண்ணைப் பிசைந்தாள். கொளஞ்சிநாதன் குனிந்து, அவளுடைய இடது காதுக்கு ஒரு சாண் தூரத்தில் பீங்கானைப் பிடித்துத் தட்டினான். பிறகு பலமாகத் தட்டினான். ஹால் முழுக்க அந்த மணிச்சத்தம் சுற்றி வந்தது. பிள்ளை மண்ணை உருட்டி, அதற்கு ஒரு வால் வைத்து, வாலை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் தன் கையைப் பார்த்தான். எத்தனை ஆயிரம் சாமான் இந்தக் கையில் வந்து போயிருக்கும்! மயிரிழை விரிசலைக்கூடப் பிடித்துவிடுவான் என்று பேர். வீட்டில் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற பிள்ளை, இடி இடித்தாலும் எழுந்திருக்காது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறான். அது எந்தப் பக்கம் தலையணையில் அழுந்தப் படுத்துக் கிடந்தது என்று ஒரு நாள் பார்த்தானா? தட்டிக் காதில் வைப்பதை அப்பன் தொழில் என்று டம்ளர் கொடுத்து வேடிக்கை பார்த்தார்களே. பாவம், பிள்ளை கேட்கிற பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறது. அந்த பஸ் ஹாரன் ஞாபகம் வந்ததும் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் டீச்சர், மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"வாயால சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அவன் தலை குனிந்தான். நம்பியிருக்கமாட்டான். 'எம் பொண்ண செவிடுன்றியா' என்று சண்டைக்குப் போயிருப்பான். அன்றைக்கே பிள்ளையை நிறுத்தியிருப்பான்.

"எனக்கும் நிச்சயமாத் தெரியல. அதான் பாத்துப் பாத்துச் சேத்தேன். நான் டாக்டர் இல்லைங்க. காது டாக்டர்கிட்ட காட்டுங்க, அவங்கதான் சொல்லணும். போறப்ப இந்த போட்டோவெல்லாம் எடுத்துட்டுப் போங்க."

"அப்ப..." அவன் டீச்சரை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப வெளிய அனுப்பறதுக்குக் கூப்புடலயா?"

"எங்க அனுப்பறது? கதை சொல்ற நேரத்துல நான் அவளுக்கு வலப்பக்கமா உக்காரப் போறேன். அதச் சொல்லத்தான் கூப்ட்டேன்."

பூங்கோதை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொளஞ்சிநாதன் சுவரைப் பார்த்தான். உட்கார்ந்த உயரத்துக்கு நேராகக் கடைசிப் போட்டோ இருந்தது. அதில் கயல்விழி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பீங்கானைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அதன்மேல் சிவப்புக் கோடு. அவன் கையால் இழுத்த கோடு. கீழே அவள் சொன்னதை டீச்சர் எழுதியிருந்தார்: 'இது மெதுவா பேசுது. மத்ததுங்க கத்துது, இது கத்தாது. அதான் ரொம்ப கிட்ட வச்சிக் கேக்கறேன்.'

அதை அவன் இரண்டு தரம் படித்தான்.

எழுந்து மகளின் இடப்பக்கம் போனான். போனவன் நின்று, அவளைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தான். எப்போதும் கூப்பிடுகிற அதே பெருங்குரலில், "பாப்பா! வூட்டுக்குப் போலாமா?" என்றான்.

கயல்விழி காதைத் தேய்த்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். "ஏம்ப்பா கத்தற? இங்க வந்து சொன்னா கேக்குதுல்ல?"

பிறகு வால் வைத்த அந்த மண் உருண்டையை எடுத்து ஒரு தட்டு தட்டி, அவன் காதில் வைத்தாள். ஈர மண். அதில் ஒரு சத்தமும் வராது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

ரெஜினா டீச்சர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.